வராத ரிப்போர்ட்: கொழும்பில் ஓர் எச்.பி.வி. 16 நிகழ்வு ஆய்வு

கீழே வரும் பெண் ஒரு தனி ஆள் இல்லை. கொழும்புக் கிளினிக்குகளில் திரும்பத் திரும்பக் காணும் விடயங்களை ஒரே நோயாளியில் சேர்த்து அமைத்த நிகழ்வு இது. வயது, ஊர், வேலை, ரிப்போர்ட்டில் வரும் அளவுகள் எல்லாம் அப்படிச் சேர்த்தவை. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. (மனிதப் பாப்பிலோமா வைரஸ்) 16ஆம் வகை செய்வதும் வைத்தியம் செய்வதும் மட்டும் உள்ளபடி.

வந்தவர்

வயது 45. மூன்று பிள்ளைகள், மூன்றும் சுகப் பிரசவம். கொட்டாஞ்சேனையில் வாடகைக்கு இருந்த குடும்பம், 9 வருடங்களுக்கு முன் வத்தளைக்கு மாறியது. வேலை இன்னும் புறக்கோட்டையில், ஒரு புடவைக் கடையில். ஆகவே பகல் முழுக்கக் கொழும்பு, இரவுக்கு மட்டும் வத்தளை. புகைப்பதில்லை. இரண்டாவது பிள்ளைக்கும் மூன்றாவது பிள்ளைக்கும் இடையில் ஏறத்தாழ 6 வருடம் கருத்தடை மாத்திரை எடுத்திருக்கிறார்.

வத்தளைப் பகுதி மிட்வைஃப் தன் பதிவேட்டைப் புதுப்பிக்க வீட்டுக்கு வந்தபோது, 45 வயதுக்காரருக்கான கருப்பைக் கழுத்துப் பரிசோதனைக்கு வரும்படி சொல்லியிருக்கிறார். அதற்கு வந்த பதில் கிளினிக்கில் வேலை செய்யும் எவருக்கும் பழக்கமானது: “அது எடுத்தேன் தானே மிஸ், கொட்டாஞ்சேனையில இருக்கக்குள்ள. ஒன்னும் சொல்லல்லையே.”

இந்த ஆய்வு முழுவதும் அந்த “ஒன்னும் சொல்லல்லையே” என்ற சொல்லைச் சுற்றித்தான்.

அதோடு இன்னொன்றும் தற்செயலாக வந்தது. 8 மாதமாக வெள்ளைபடுதல், “சில நேரம் சிவப்பா”. எப்போது சிவப்பு என்று மிட்வைஃப் கேட்டதற்கு, மகள் குசினிப் பக்கம் போகும்வரை காத்திருந்து, உறவுக்குப் பிறகு என்று சொன்னார். அந்த 8 மாதத்தில் மூன்று இடங்களில் மருந்து எடுத்தாயிற்று. முதலில் பார்மசியில் கேட்டு வாங்கிய பிறப்புறுப்பில் வைக்கும் குளோட்ரிமசோல் குளிசை, பிறகு ஒரு டிஸ்பென்சரியில் மெட்ரோனிடசோல், கடைசியாக தனியார் நிபுணர் ஒருவரைச் செனல் பண்ணிப் பார்த்த இடத்தில் வயிற்று ஸ்கான். ஸ்கானில் கருப்பை, சூலகம் இரண்டும் சரி. மூன்று இடத்திலும் ஸ்பெகியூலம் (யோனியை விரித்துப் பார்க்கும் கருவி) வைத்துக் கருப்பைக் கழுத்தை ஒருவரும் பார்க்கவில்லை.

வயிற்று ஸ்கானில் கருப்பைக் கழுத்தின் மேல்தோலில் உள்ள மாற்றம் தெரியாது. பெரிய கட்டியாக வளர்ந்த பிறகுதான் ஸ்கான் எதையாவது காட்டும். உறவுக்குப் பின் இரத்தம் என்று ஒரு பெண் சொன்னால், அன்றைக்கே ஒரு ஸ்பெகியூலமும் நல்ல வெளிச்சமும் வேண்டும். வேறு எதுவும் அதற்கு ஈடாகாது.

கிளினிக்கில்

ஸ்பெகியூலம் வைத்ததும் தெரிந்தது: கழுத்தின் முன்பக்க உதட்டில் சிவந்த ஓர் இடம், பஞ்சு பட்டதும் கசிந்தது. கட்டி இல்லை, குழி இல்லை, அழுகல் மணம் இல்லை. எச்.பி.வி. டி.என்.ஏ. பரிசோதனைக்கு மாதிரி எடுத்து, அந்த ரிப்போர்ட் வரும்வரை காத்திராமல் பெண்நோயியல் பிரிவுக்கும் அன்றே துண்டு எழுதப்பட்டது.

இரண்டையும் ஒன்றாகச் செய்தது சரியான முடிவு. அதற்குக் காரணமும் உண்டு. கழுத்தின் கலங்களைத் தட்டில் பூசிப் பார்க்கும் பாப் ஆனாலும் வைரஸைத் தேடும் எச்.பி.வி. ஆனாலும் அவை ஒரு குறியும் இல்லாத பெண்களுக்கான சல்லடைப் பரிசோதனைகள். இரத்தம் போகும் பெண்ணுக்குப் பாப் எடுத்து, நோர்மல் என்று வந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிடுவது ஆபத்து. உண்மையான புற்றுநோயின் மேற்பரப்பில் செத்த கலங்களும் இரத்தமும் சீழும் மூடிக் கிடக்கும். தூரிகையில் வருவது அந்தக் குப்பைதான்.

மாதிரி எடுக்கும் விதத்தையும் சொல்லியாக வேண்டும், பழைய பிழை அங்கேதான் தொடங்கியது. ஸ்பெகியூலத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்தால் போதும். ஜெல் அள்ளிப் பூசினால் அது மாதிரியோடு கலந்து பரிசோதனையைக் கெடுக்கும். மாதவிடாய் நாட்களில் எடுக்கக்கூடாது. முந்திய 2 நாள் உறவும் வேண்டாம், உள்ளே வைக்கும் குளிசையும் வேண்டாம். துடைப்ப வடிவத் தூரிகையின் நடுத் தும்புகள் கழுத்தின் வாய்க்குள் போக வேண்டும், ஓரத் தும்புகள் வெளிப்பக்கத்தைத் தொட வேண்டும். அப்படியே ஒரே திசையில் 5 சுற்று. உடனே திரவக் குப்பியில் இட்டுக் கலக்க வேண்டும். குப்பியில் பெயர் எழுதுவது மாதிரி எடுப்பதற்கு முன். பிறகு எழுதலாம் என்று வைத்தால், வரிசையில் 20 பேர் நிற்கும் நாளில் குப்பி மாறும்.

மூன்று கிழமையில் ரிப்போர்ட் வந்தது: எச்.பி.வி. 16 இருக்கிறது.

35 வயதில் எடுத்தது என்ன ஆயிற்று

இலங்கையில் பெண்களின் நலப் பரிசோதனைக்கான வெல் வுமன் கிளினிக்குகள் 1996இல் தொடங்கின. 35 வயதுப் பெண்கள் முதல் இலக்கு; பின்னர் 45 வயதும் சேர்ந்தது. இவருக்கும் 35இல் பாப் எடுத்திருக்கிறார்கள். கடைசிப் பிள்ளைக்கு ஊசி போடக் கூட்டிப் போன நாளில் பெயர் கொடுத்து, அடுத்த கிழமை போய் எடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

பழைய பதிவேட்டைத் தேடியபோது அந்த வரி கிடைத்தது. ரிப்போர்ட்டில் எழுதியிருந்தது “நோர்மல்” இல்லை. “மாதிரி போதாது, அழற்சிக் கலங்கள் மூடியுள்ளன, சிகிச்சைக்குப் பின் 3 மாதத்தில் மீண்டும் எடுக்கவும்” என்று இருந்தது.

பாப் தட்டு ஒன்றை வாசிக்கத் தகுந்தது என்று ஆய்வுகூடம் ஒப்புக்கொள்ள, பழைய முறைத் தட்டில் குறைந்தது 8,000 முதல் 12,000 வரை செதிட்கலங்கள் (மேற்பரப்பின் தட்டைக் கலங்கள்) தெளிவாகத் தெரிய வேண்டும். முக்கால் பங்குக்கு மேல் சீழோ இரத்தமோ மூடினால் அது “போதாது”. இன்னொரு வழமையான பிழை, தட்டு காய்ந்து போவது. கழுத்தில் இருந்து எடுத்த கலத்தைத் தட்டில் பூசிய கையோடு 95 வீத எதனோலில் அமிழ்த்த வேண்டும். அரை நிமிடம் பேசிக்கொண்டு நின்றால் போதும், மேலே மின்விசிறியும் சுழன்றால் கலங்கள் உப்பிக் கரு மங்கிவிடும். பிறகு எந்த நிபுணர் பார்த்தாலும் பயன் இல்லை.

“போதாது” என்பது ஆய்வுகூடம் சொல்லும் நேர்மையான பதில். அது உரியவரிடம் போய்ச் சேரவில்லை. கிளினிக்கில் கொடுத்த தொலைபேசி எண் கணவருடையது, சிம் மாறிவிட்டது. துண்டு பழைய விலாசத்துக்குப் போனது. கொஞ்சக் காலத்தில் குடும்பமும் களனி ஆற்றைக் கடந்து வத்தளைக்குப் போய்விட்டது. கொழும்பு மாநகர சபை எல்லைக்குள் இருந்த குடும்பம், கம்பஹா மாவட்டத்தில் இன்னொரு சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுக்குள் போயிற்று. புது மிட்வைஃப் கேட்டது பிள்ளைகளின் ஊசி அட்டையை. தாயின் பாப் ரிப்போர்ட்டை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவர் கையில் ஒன்றும் இருந்திருக்காது.

இதில் ஒருவரைப் பிடித்துக் குற்றம் சொல்வதற்கு இல்லை. ரிப்போர்ட் வராவிட்டால் எல்லாம் சரி என்று அந்தப் பெண் எடுத்துக்கொண்டார், அதுவும் இயல்பு. பள்ளிக்கூடத்தில் இருந்து முறைப்பாடு வராவிட்டால் பிள்ளை ஒழுங்காகப் படிக்கிறது என்றுதானே நினைக்கிறோம். ஆனால் கிளினிக்கில் எடுக்கும் மாதிரிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே மௌனத்துக்கு நாலு அர்த்தம் இருக்கலாம்: நோர்மல், போதாது, பிழை இருக்கிறது ஆனால் ஆளைக் கண்டுபிடிக்க முடியவில்லை, மாதிரி ஆய்வுகூடத்துக்கே போகவில்லை.

அந்தப் பத்து வருடத்தில் உள்ளே நடந்தது

எச்.பி.வி.யில் 200க்கும் மேற்பட்ட வகைகள். கையில் வரும் பாலுண்ணி சில வகைகளின் வேலை. 6, 11 என்ற வகைகள் பிறப்புறுப்பில் மரு உண்டாக்கும், புற்றுநோய்க்குப் போவது அரிது. புற்றுநோயோடு உறுதியாகத் தொடர்புபட்டவை ஏறத்தாழ 12. அவற்றில் 16, 18 என்ற இரண்டும் சேர்ந்து உலகில் உள்ள கருப்பைக் கழுத்துப் புற்றுநோயில் சுமார் 70 வீதத்துக்குக் காரணம். இந்தத் தொடர்பை நிறுவியவர் ஜெர்மனியின் ஹரால்ட் சூர் ஹவுசன். 1983இல் 16ஐயும் அடுத்த வருடம் 18ஐயும் அவருடைய குழு புற்றுநோய்த் திசுவில் இருந்து பிரித்தெடுத்தது. 2008இல் நோபல் பரிசு.

தொற்று என்பது அபூர்வமானதும் இல்லை, அசிங்கமானதும் இல்லை. பாலுறவு கொள்ளும் பெரும்பாலானோருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது வந்து போகும். பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டு வருடத்துக்குள் உடம்பே அதை அடக்கிவிடும். அடங்காமல் தங்கும் சிறுபான்மையில்தான் பிரச்சினை.

தங்குவதற்கு அது தேடும் இடமும் குறிப்பானது. கருப்பைக் கழுத்தின் வெளிப்பக்கம் பல அடுக்குத் தோல். உள்வாய்க் குழாயில் ஒரே அடுக்குக் கலங்கள். இரண்டும் சந்திக்கும் எல்லை, பருவமடையும் காலத்தில் இருந்து மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். ஒற்றை அடுக்கு பல அடுக்காக மாறும் அந்தப் பட்டியை உருமாற்ற வலயம் என்கிறோம். அங்கே அடிக்கலங்கள் மேற்பரப்புக்கு மிக அருகில் கிடக்கும், ஒரு சிறு உராய்வே வைரஸுக்குக் கதவு. அது இரத்தத்துக்குள் போவதில்லை, காய்ச்சல் தருவதில்லை, கலத்தை வெடிக்கச் செய்வதும் இல்லை. உரியும் தோலோடு சேர்ந்து வெளியேறுகிறது. ஆகவே நோய் எதிர்ப்புச் சக்தி அதைக் கவனிக்கவே காலம் எடுக்கிறது.

16ஆம் வகை நெடுநாள் தங்கினால், ஈ6, ஈ7 என்ற அதன் இரு புரதங்கள் வேலையைக் காட்டத் தொடங்கும். சேதப்பட்ட கலத்தை நிறுத்தி வைக்கும் பி53 என்ற காவலை ஈ6 அழிக்கிறது. கலம் பிரிவதற்குப் பிரேக் போடும் ஆர்பி புரதத்தை ஈ7 பிடித்து முடக்குகிறது. வழமையாக ஈ6, ஈ7 இரண்டையும் வைரஸின் ஈ2 என்ற புரதம் அடக்கி வைத்திருக்கும். வைரஸின் டி.என்.ஏ. மனிதக் குரோமோசோமுக்குள் ஒட்டிக்கொள்ளும்போது ஈ2 உடைந்துவிடுவதுண்டு. அதன் பிறகு ஈ6க்கும் ஈ7க்கும் மூக்கணாங்கயிறு இல்லை. ஆர்பி முடங்கியதால் கலத்துக்குள் பி16 என்ற புரதம் குவிந்து கிடக்கும். பின்னால் பயொப்சியில் நிறம் பிடித்துக் காட்டிக்கொடுப்பது இந்தக் குவியல்தான்.

புற்றுநோயாகும் முன் கலங்களில் வரும் மாற்றத்துக்கு, கடுமையின்படி, சி.ஐ.என். 1, 2, 3 என்று பெயர். 1 என்பது பெரும்பாலும் தொற்றின் அடையாளம் மட்டுமே, தானாக மறையும். 3 வேறு. நியூசிலாந்தில் சி.ஐ.என். 3க்குச் சரியாகச் சிகிச்சை தராமல் விட்ட பெண்களைப் பின்னர் கணக்கிட்டபோது, 30 வருடத்தில் ஏறத்தாழ 31 வீதத்தினருக்குப் புற்றுநோய் வந்திருந்தது. வைத்திய உலகம் வெட்கப்பட வேண்டிய வழியில் கிடைத்த எண்ணிக்கை. ஆனால் இவ்வளவு தெளிவான எண் வேறு இல்லை. வழமையான எதிர்ப்புச் சக்தி உள்ள பெண்ணில் தொற்றில் இருந்து புற்றுநோய் வரை 15 முதல் 20 வருடம். எச்.ஐ.வி. இருந்து மருந்து எடுக்காதவரில் அது 5 முதல் 10 வருடமாகச் சுருங்கும். இதனால் இவருக்கும் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யச் சம்மதம் கேட்கப்பட்டது. இல்லை என்று வந்தது. 5 வருடத்துக்கு மேற்பட்ட மாத்திரைப் பாவனையும் பல பிரசவமும் ஆபத்தைக் கொஞ்சம் கூட்டும். புகை, கிளமிடியா தொற்று ஆகியவையும் அப்படியே.

35இல் அந்தப் பாப்பை மீண்டும் எடுத்திருந்தால் எதுவும் தெரிந்திருக்குமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஒரு தடவை எடுக்கும் பாப், முற்றிய மாற்றங்களில் பாதிக்குச் சற்று மேலேதான் பிடிக்கிறது என்று பெரிய ஒப்பீடுகள் காட்டியிருக்கின்றன, எச்.பி.வி. டி.என்.ஏ. 90 வீதத்துக்கு மேல். பாப்பின் பலமே திரும்பத் திரும்ப எடுப்பதில்தான் இருக்கிறது. இவருக்கு முதல் தடவையே கணக்கில் இல்லை.

கொல்பொஸ்கோப்பி

கொழும்பில் ஓர் அரச வைத்தியசாலையின் கொல்பொஸ்கோப்பிக் கிளினிக், கருப்பைக் கழுத்தைப் பெருப்பித்துப் பார்க்கும் இடம். கருவுற்றிருக்கவில்லை என்பதும் அயடின் ஒவ்வாமை இல்லை என்பதும் முதலில் உறுதிசெய்யப்பட்டன. கழுத்தைச் சேலைனால் துடைத்துப் பச்சை வடியில் இரத்தக் குழாய்களைப் பார்த்த பின், 5 வீத அசற்றிக் அமிலம் நனைத்த பஞ்சை ஒரு முழு நிமிடம் வைத்தார்கள். இந்த ஒரு நிமிடத்தில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். முற்றிய மாற்றம் மெல்ல வெளுத்து வெகுநேரம் நிற்கும். சும்மா அழற்சியும் வெளுக்கும், ஆனால் சீக்கிரம் மங்கும். 15 செக்கனில் எடுத்துவிட்டால் இரண்டையும் பிரிக்க முடியாது.

தெரிந்தது: கழுத்தைக் கடிகார முகமாக வைத்தால் 10 மணிக்கும் 2 மணிக்கும் இடையில் அடர்ந்த, சிப்பி போன்ற வெண்மை, கூரான விளிம்பு, உள்ளே பெரிய கட்டங்களாக மொசைக். லூகோல் அயடின் போட்டபோது சுற்றிலும் தோல் கடும் கபில நிறமாயிற்று, அந்த இடம் மட்டும் மஞ்சளாக நின்றது. கிளைகோஜன் இல்லாத கலம் அயடினை ஏற்பதில்லை. மாற்றத்தின் கடுமையை அளக்கும் ஸ்வீட் (Swede) ஸ்கோர் 10க்கு 9. அளவுக்கு மட்டும் ஒரு புள்ளி குறைவு. 8க்கு மேல் வந்தால் முற்றிய மாற்றம் என்று பெரும்பாலும் நம்பலாம். எல்லைக்கோடு கொஞ்சம் குழாய்க்குள் போயிருந்தது, சிறிய விரிப்பான் வைத்து முழுதும் பார்க்க முடிந்தது. அதாவது 2ஆம் வகை வலயம்.

இரண்டு பயொப்சி எடுக்கப்பட்டது. கசிவுக்கு மொன்சல் பசை. ரிப்போர்ட்: சி.ஐ.என். 3, பி16 தொடர்ச்சியாக அடர்ந்து பிடித்திருக்கிறது, ஊடுருவல் இல்லை.

சூடு வைப்பதா, வெட்டுவதா

சி.ஐ.என். 3க்குச் சூட்டுக் கருவியால் எரிக்கும் முறை ஒன்று இருக்கிறது. ஒரு நிமிடத்துக்குள் முடியும், தியேட்டர் வேண்டாம், குறைந்த வசதியுள்ள இடங்களுக்கு அருமையானது. ஆனால் அதற்கு நிபந்தனைகள் உண்டு: வலயம் முழுதும் வெளியே தெரிய வேண்டும், மாற்றம் குழாய்க்குள் போகக்கூடாது, புற்றுநோய்ச் சந்தேகம் துளியும் இருக்கக்கூடாது. இவருக்கு எல்லைக்கோடு குழாய்க்குள், 9 புள்ளி, 8 மாத இரத்தக் கசிவு. எரித்துவிட்டால் நுணுக்குக்காட்டியில் பார்க்கத் திசுவே மிஞ்சாது. பயொப்சி என்பது அரிசி மணி அளவு துண்டு. பக்கத்தில் 3 மில்லிமீற்றர் தள்ளி நடப்பது அதற்குத் தெரியாது.

ஆகவே எல்.எல்.ஈ.டி.ஸெட். எனப்படும் மின்கம்பி வளைய வெட்டு. அட்ரினலின் கலந்த லிக்னோகேன் கழுத்துக்குள் ஊசியாக, நாலு பக்கமும். சிலருக்கு அந்த ஊசியோடு நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். முன்கூட்டியே சொல்லிவிட்டால் பயப்பட மாட்டார்கள். புகை உறிஞ்சும் குழாய் ஸ்பெகியூலத்தோடு. 2ஆம் வகை வலயத்துக்கு 10 முதல் 15 மில்லிமீற்றர் ஆழம் வேண்டும் என்பதால் அதற்கேற்ற வளையம். கம்பி திசுவைத் தொடும் முன்பே மின்னோட்டம் தொடங்க வேண்டும், இடையில் நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் திசு கம்பியில் ஒட்டும், விளிம்பு கருகும், கருகிய விளிம்பை நோயியல் நிபுணரால் வாசிக்க முடியாது. மெதுவாக இழுத்தாலும் அதே கருகல்.

ஒரே துண்டாக வந்தது, ஆழம் 13 மில்லிமீற்றர். 12 மணியில் ஒரு நூல் முடிச்சு. இந்த முடிச்சு இல்லாமல் அனுப்பினால் எந்தப் பக்கம் விளிம்பு சரி, எந்தப் பக்கம் சரியில்லை என்று யாராலும் சொல்ல முடியாது. மூன்று நாலு துண்டாக வந்தால் நிலைமை இன்னும் மோசம்.

கிடங்கின் அடியை உருண்டை மின்முனையால் சுட்டு முடித்தார்கள். வீட்டுக்குக் கொடுத்த அறிவுரை: 4 கிழமைக்கு உறவு, டம்பொன், நீச்சல் வேண்டாம், தண்ணீராகவும் கபிலமாகவும் வடிவது 2 முதல் 4 கிழமை இருக்கும், ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு பேட் முழுக்க நனைந்தால், அல்லது காய்ச்சல் வந்தால், அன்றே வைத்தியசாலைக்கு. இரண்டாவது கிழமையில் பொருக்கு விழும்போது இரத்தம் வரும் வாய்ப்பு அதிகம், அது தெரியாமல் பலர் பதறுகிறார்கள். புடவைக் கடையில் நாள் முழுக்க நின்று துணிக் கட்டு தூக்குபவர் என்பதால் 2 கிழமை லீவுக்குக் கடிதமும் கொடுக்கப்பட்டது. அந்தக் கடிதத்தில் நோயின் பெயர் இல்லை, “சிறு சத்திரசிகிச்சை” என்று மட்டும். இதைக் கேட்காமலே செய்ய வேண்டும்.

ரிப்போர்ட்

சி.ஐ.என். 3, அதன் நடுவே ஓரிடத்தில் அடிச்சவ்வை உடைத்து 1.6 மில்லிமீற்றர் உள்ளே போன செதிட்கலப் புற்றுநோய். நிணநீர், இரத்தக் குழாய்களுக்குள் கலங்கள் இல்லை. எல்லா விளிம்பும் சுத்தம்.

சர்வதேசப் பெண்நோயியல் சம்மேளனமான ஃபிகோவின் 2018ஆம் ஆண்டு வகைப்படுத்தலில் இது 1ஏ1: ஆழம் 3 மில்லிமீற்றருக்குக் கீழ். நிணநீர்க் கணுவுக்குப் போயிருக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. குழாய்களுக்குள் கலம் இல்லை, விளிம்பு சுத்தம் என்றால் அந்த வெட்டே சிகிச்சை. இவ்வளவு சிறிய புண்ணால்தான் இரத்தம் வந்ததா என்பது கேள்விக்குரியது. 1ஏ1 நோயாளிகள் பலருக்கு ஒரு குறியும் இருக்காது, அழற்சியும் சி.ஐ.என். 3 இன் நொய்ந்த தோலும் சேர்ந்து கசிந்திருக்கலாம். எப்படியோ, அந்தக் கசிவுதான் கிளினிக்கில் கதவைத் திறந்தது.

“கருப்பையை எடுத்துவிடுங்களேன் டொக்டர்” என்று முதலில் கேட்டவர் நோயாளியே. பிள்ளைப்பேறு முடிந்த பெண்ணுக்குச் சாதாரணமாகக் கருப்பையை அகற்றுவது ஒரு தெரிவுதான், பிழையும் இல்லை. ஆனால் 1ஏ1இல் விளிம்பு சுத்தமாக இருக்கும்போது அது உயிர்க்காப்பில் பெரிதாக எதையும் கூட்டாது. இன்னொரு தப்பெண்ணமும் அதில் ஒளிந்திருக்கிறது: கருப்பை போனால் எச்.பி.வி.யும் போய்விடும் என்பது. வைரஸ் யோனிச் சுவரிலும் இருக்கலாம். எடுத்தாலும் தொடர்ந்து பார்க்கத்தான் வேண்டும். பலதுறை நிபுணர்கள் சேர்ந்து பேசி, அவரும் கணவரும் இரண்டு நாள் யோசித்து, வேண்டாம் என்று முடிவாயிற்று.

இதே புண் 5 மில்லிமீற்றர் ஆழத்தைத் தாண்டியிருந்தால் பேச்சே வேறு. பெரிய சத்திரசிகிச்சை, கணு அகற்றல். இன்னும் பரவியிருந்தால் மஹரகமப் புற்றுநோய் வைத்தியசாலையில் ஐந்து கிழமைக்கு வெளிக் கதிர், கிழமைக்கு ஒரு சிஸ்பிளாற்றின், அதன் மேல் உள்வைப்புக் கதிர். அதற்குப் பிறகு மாதவிடாய் நின்றுவிடும். யோனி சுருங்குதல், சிறுநீர், மலப் போக்கில் தொல்லை என்று வருடக்கணக்கில் இழுக்கும்.

“யார் கொண்டு வந்தது?”

எச்.பி.வி. 16 என்ற சொல்லைக் கேட்ட நாள் தொட்டு வீட்டில் பேச்சு நின்றுவிட்டது. இதைக் கிளினிக்கில் தொட்டுப் பேசாமல் விட்டால் பெண் அடுத்த தவணைக்கு வரமாட்டார். கணவன் மனைவி இருவரையும் உட்கார்த்திச் சொல்ல வேண்டியது சில வசனம்தான். இந்த வைரஸ் எப்போது வந்தது என்று எந்தப் பரிசோதனையும் சொல்லாது. கல்யாணத்துக்கு முந்திய தொற்றாக இருக்கலாம். இருபது வருடம் உறங்கி எழும்பியதாகவும் இருக்கலாம். அது இவரில் உறங்கியதா அவரில் இருந்ததா என்பதையும் பிரிக்க முடியாது. இப்போது கண்டது இப்போதைய துரோகத்துக்குச் சாட்சி இல்லை. கணவருக்குப் பரிசோதனை தேவையில்லை. ஆணுக்கென்று ஏற்றுக்கொள்ளப்பட்ட சல்லடைப் பரிசோதனையும் கிடையாது. வைரஸை அழிக்கும் மருந்து இருவருக்கும் இல்லை. ஆணுறை ஆபத்தைக் குறைக்கும், முழுதாகத் தடுக்காது, ஏனெனில் இது தோலோடு தோல் பட்டுப் பரவுவது.

கணவர் வெற்றிலை போடுபவர். தனக்கும் வாயில் வருமா என்று கேட்டார். நல்ல கேள்வி, இரண்டாகப் பிரித்துப் பதில் சொல்ல வேண்டியது. எச்.பி.வி. 16 தொண்டையின் பின்பகுதியிலும் நாவடியிலும் டொன்சிலிலும் புற்றுநோய் தரக்கூடியது. இந்த நாட்டில் கன்னத்திலும் நாக்கிலும் மிகுதியாகக் காணும் வாய்ப் புற்றுநோய்க்கு முதல் காரணம் புகையிலையும் பாக்கும். அவருக்கான ஆலோசனை வெற்றிலையை விடுவதும், ஆறாத வெள்ளைப் படையோ புண்ணோ இருந்தால் பல் வைத்தியரிடம் காட்டுவதும்.

கடைசி மகள் தரம் 6. பாடசாலையில் கொடுத்த எச்.பி.வி. தடுப்பூசிச் சம்மதப் படிவத்தைத் தாய் கையெழுத்திடாமல் பையிலேயே வைத்திருந்தது இந்தப் பேச்சில்தான் வெளியே வந்தது. “பிள்ளை தங்காமப் போயிருமாம்” என்று அக்கம்பக்கம் சொன்னது காரணம். தடுப்பூசியில் வைரஸின் டி.என்.ஏ. இல்லை, எல்1 என்ற மேலோட்டுப் புரதம் மட்டும், ஈஸ்ட்டில் வளர்த்து வெற்றுக் கூடாக்கியது. அதனால் தொற்றவும் முடியாது, சூலகத்தைத் தொடவும் முடியாது. இங்கிலாந்தில் 12, 13 வயதில் தடுப்பூசி கொடுக்கப்பட்ட தலைமுறையில் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் 87 வீதம் குறைந்தது என்று 2021இல் வெளியிட்டார்கள். இலங்கைத் திட்டத்தில் இது 2017இல் சேர்ந்தபோது ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி என்று தொடங்கியது; 2022 டிசம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம் ஒரே ஊசியையும் ஏற்றது. தோள் தசையில் அரை மில்லிலீற்றர். போட்ட பின் 15 நிமிடம் பிள்ளை உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த வயதில் ஊசி கண்டு மயங்கி விழுவதுதான் அடிக்கடி நடக்கும் தொல்லை. தாய்க்கு இந்த ஊசி ஏற்கனவே உள்ள தொற்றை நீக்காது. மகளுக்குத்தான் அதன் முழுப் பயனும்.

இனிச் செய்ய வேண்டியது

கிளினிக் பக்கத்தில்: மாதிரிப் பதிவேட்டில் “எடுத்த திகதி”க்குப் பக்கத்தில் “ரிப்போர்ட் வந்த திகதி”, “உரியவருக்குச் சொன்ன திகதி” என்று இரண்டு நிரல் கூட்டினால் போதும். வெறுமையாக நிற்கும் கட்டம் கண்ணில் குத்தும். ஆறு கிழமையில் மூன்றாவது நிரல் நிரம்பாத பெயர்களை ஒருவர் கூப்பிட வேண்டும். எண் இரண்டு வாங்க வேண்டும். ஒன்று பெண்ணின் சொந்த எண், மற்றது அவர் நம்பும் ஒரு பெண்ணுடையது. கொழும்பில் வாடகைக்கு இருப்பவரிடம், அடுத்த வருடம் இங்கேயே இருப்பீர்களா என்று கேட்பதில் தப்பில்லை. ஆங்கிலத்தில் வரும் ரிப்போர்ட்டின் அடியில் தமிழில் ஒரு வரி, பேனையால்: “சரி”, “மீண்டும் எடுக்க வேண்டும்”, “இன்ன இடத்துக்குப் போக வேண்டும்”.

பெண்கள் பக்கத்தில்: ரிப்போர்ட்டைக் கையில் வாங்கும்வரை பரிசோதனை முடியவில்லை. வாங்கியதைக் கிளினிக் கொப்பியோடு வைத்து, வீடு மாறினால் பிள்ளைகளின் ஊசி அட்டையோடு கொண்டுபோக வேண்டும்.

இவருக்கு வெட்டுக்குப் பின் 6ஆம் மாதம் எச்.பி.வி.யும் பாப்பும் ஒன்றாக எடுக்கப்பட்டன. இரண்டும் சரி. அடுத்தது ஒரு வருடத்தில், பிறகும் வருடா வருடம், சி.ஐ.என். 3 வந்தவருக்குக் பல வருடக் கண்காணிப்பு வேண்டும். 6ஆம் மாத ரிப்போர்ட்டுக்கு அவர் தொலைபேசி அழைப்பை எதிர்பார்த்திருக்கவில்லை. ஐந்தாவது கிழமை, கடையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில், புறக்கோட்டையில் இருந்து பஸ் ஏறிப் போய்த் தானே வாங்கி வந்தார்.